யார் கண்ணிலும் படாத பை

வாசலைத் தாண்டுவதற்குள் முதல் பை தோற்றுப்போனது.

"என்ன கேமரா?" என்றான் பக்கத்து வீட்டு சிபோ. வேலிக்கு அந்தப் பக்கம் குத்துக்காலிட்டுப் பாக்கு மென்றுகொண்டிருந்தவன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

ஓபெட் நின்றான். "எந்தக் கேமரா?"

"உன் தோள்ல தொங்குறது."

"இது சாப்பாட்டுப் பை."

"சரி. சாப்பாட்டுக்கு எத்தனை லென்ஸ்?"

ஓபெட் வீட்டுக்குள் திரும்பினான்.

சிபோவைக் குற்றம் சொல்ல முடியாது. பை கன்னங்கரேல் என்று இருந்தது. நாலு பக்கமும் மெத்தை வைத்துத் தைத்து, முகத்தில் கம்பெனியின் பெயரைக் கொட்டை எழுத்தில் வெள்ளையாக அச்சடித்திருந்தார்கள். இதற்கு முந்தைய கேமராவும் இதே மாதிரிப் பையில்தான் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் சந்தை பஸ் ஸ்டாப்பில் ஒருவன் வாரை அறுத்து எடுத்துக்கொண்டு போனான். ஓபெட் பார்த்ததெல்லாம் ஒரு சிவப்புத் தொப்பியும் பாதி கிழிந்த ஒரு காதும்தான். திருடன் ஓடக்கூட இல்லை. நடந்தே போனான். கூட்டம் அவனுக்கு வழி விட்டது.

கொரோக்கா என்கிற அந்த மலை ஊரில் ஒரே வாரப் பத்திரிகை. அதற்கு ஒரே புகைப்படக்காரன் ஓபெட். பத்திரிகையை நடத்துகிற தபிதா அதிகம் பேசமாட்டாள். புதுக் கேமராவுக்கு ஆர்டர் போட்ட அன்று மட்டும் பேசினாள்.

"இதுவும் போச்சுன்னா கேமராவைத் தேடாதே. வேலையைத் தேடு."

அந்தக் கேமரா நேற்று சாயங்காலம் விமானத்தில் வந்தது. விமானம் தாமதம். ஓபெட் போய் வாங்கும்போது ஆபீஸ் பூட்டிவிட்டார்கள். அதனால் அது ராத்திரி முழுவதும் ஓபெட்டுக்கும் டெல்மாவுக்கும் நடுவில், ஆறு வருடக் கல்யாண வாழ்க்கையில் இருவரும் பெற்றிராத பிள்ளைபோலப் படுத்திருந்தது. இன்று மத்தியானம் திடலில் சமாதானச் சடங்கு. ஒன்பது வருடமாகச் சண்டை போட்ட இரண்டு கூட்டத்தார் எல்லோர் முன்னாலும் அம்பை முறிக்கப் போகிறார்கள். பதினொன்றரைக்கு ஆபீஸ் வண்டி கிளம்பும். அதற்குள் கேமரா அங்கே போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் வேலை இருக்கும்.

வழி ஒன்றுதான். மேட்டுக் குடியிருப்பிலிருந்து பஸ் பிடித்து இறங்கி, சந்தையைக் கடந்து போக வேண்டும். சந்தையில் சிவப்புத் தொப்பி இருப்பான்.

"சிபோ கண்ணு மூடிக்கிட்டே கண்டுபிடிச்சிட்டான்" என்றான் ஓபெட்.

டெல்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். சந்தையில் மாவுருண்டை பொரித்து விற்கிறவள். "எல்லாரும் வீட்டுக் கதவுல பூட்டுப் போடுவாங்க. நீ 'உள்ள நகை இருக்கு'ன்னு போர்டு போட்டிருக்க."

"என்ன பண்ணச் சொல்ற?"

"முதல்ல அதை அந்தப் பையிலருந்து எடு. கொண்டா, நான் கட்டித் தர்றேன். நீ கிழங்கைத் தின்னு."

ஓபெட் சுட்ட வள்ளிக்கிழங்கைத் தின்று முடிப்பதற்குள் உள்ளறையிலிருந்து ஒரு மூட்டையோடு வந்தாள். பழைய துண்டால் நாலு சுற்று சுற்றி, கம்பளி நூலால் கட்டி, முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டிருந்தாள்.

"ஆபீஸ் போற வரைக்கும் பிரிக்காதே. உள்ள தூசி போச்சுன்னா கெட்டுப்போயிடும்னு நேத்து நீதான் விடிய விடியச் சொன்ன."

ஓபெட் மூட்டையைக் கையில் வாங்கினான். நல்ல கனம். நிம்மதியாக இருந்தது.

"இதை எதுல போடறது?"

மூலையில் பத்துக் கிலோ அரிசிப் பை காலியாகக் கிடந்தது. அதைவிடச் சாதாரணமாக உலகத்தில் எதுவும் இருக்க முடியாது என்று ஓபெட்டுக்குத் தோன்றியது. மூட்டையை உள்ளே போட்டு, வாயைச் சுருட்டி, தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

மூன்றாவது வீட்டுக்காரி அவனைப் பார்த்ததும் வாயில் கை வைத்தாள்.

"யாரு?"

"யாரு என்ன?"

"போனது யாரு? நேத்து ராத்திரியா?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இந்த மேட்டில் ஒரு ஆண்பிள்ளை காலை நேரத்தில் அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போனால் அவன் துக்க வீட்டுக்குப் போகிறான் என்று அர்த்தம். வேறு அர்த்தம் கிடையாது.

"யாரும் சாகல அக்கா."

"அதிர்ச்சியில இருக்கான்" என்றாள் அவள், வீட்டுக்குள் இருந்த யாரிடமோ. "நீ போய்க்கிட்டே இரு தம்பி. நாங்க பின்னாடியே வர்றோம்."

வளைவுக்கு வருவதற்குள் ஆறு பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். ஒருத்தி வாழைத்தார் கொண்டுவந்தாள். ஒருத்தி ஓபெட்டின் நெற்றியில் துக்கக் களிமண்ணைப் பூசிவிட்டாள். தொண்டை நல்லபடியாக இருந்த ஒருத்தி மெதுவாக ஒப்பாரியை ஆரம்பித்து, பெயர் வருகிற இடத்தில் மட்டும் நிறுத்தி ஓபெட்டின் முகத்தைப் பார்த்தாள். கடைசியில் சிபோ வந்தான். கையில் ஒரு கோழி.

"நீயாடா? உனக்குத்தான் தெரியுமே, இதுல என்ன இருக்குன்னு."

"காலையில கேமரா, இப்ப அரிசி. நடுவுல யாரோ போயிருக்கணும்" என்றான் சிபோ. "சொந்தமா, தூரத்துச் சொந்தமா? தூரம்னா கோழி வேண்டாம், திருப்பி விட்டுடறேன்."

யாரும் சாகவில்லை என்று நிரூபிக்க அரைமணி நேரம் ஆனது. வாழைத்தார்க்காரிக்குக் கோபம். அறுத்த தாரைத் திரும்ப மரத்திலா ஒட்ட முடியும் என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

ஓபெட் மறுபடியும் வீட்டில்.

"பிலும் பை போட்டுக்கிட்டுப் போயேன்" என்றாள் டெல்மா, எண்ணெய்ச் சட்டியைத் துடைத்துக்கொண்டே. "ஊர்ல பிலும் இல்லாத தோள் ஒண்ணு காட்டு. எல்லாரும் போடறதை நீயும் போட்டா யாரு பாக்கப்போறா?"

இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று ஓபெட்டுக்கு வெட்கமாக இருந்தது. பிறந்த குழந்தை தூங்குவது பின்னிய பிலும் பையில். கிழங்கு வருவது அதில். ஆண்களின் பாக்கும் சுண்ணாம்பும் அதில். இறந்தவன் தலைமாட்டில் வைப்பதும் அதைத்தான். ஒரு லட்சம் பைகளுக்கு நடுவில் ஒரு பை.

ஆணியில் எட்டுப் பைகள் தொங்கின. ஓபெட் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். ஒன்று கொடியின் நிறங்களில் பளபளத்தது. ஒன்று கால்பந்து அணியின் நிறம். வழியில் எதிர் அணிக்காரன் பார்த்தால் உதை நிச்சயம். ஒன்று அவன் அக்கா பின்னியது, அதில் தன் பெயரையே பெரிய எழுத்தில் பின்னியிருந்தாள். எல்லாம் கத்தின.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று இருந்தது. மரப்பட்டை நாரில் பின்னியது. சாயம் இல்லை, கம்பளி இல்லை. காய்ந்த மண்ணின் நிறம். பார்த்ததும் மறந்துபோகிற மாதிரி இருந்தது.

"இதுதான்" என்றான்.

"அது வேணாம்." டெல்மா கொஞ்சம் வேகமாகவே சொன்னாள்.

"ஏன்?"

"நம்மளது இல்ல. ஹனுவோ அக்காவோடது. பத்திரமா இருக்கட்டும்னு எங்கிட்டக் குடுத்து வச்சிருக்கு."

"எந்த ஹனுவோ?"

"என் கடைக்குப் பக்கத்துக் கடை. ஆறு வருஷமா அங்க வந்து மாவுருண்டை திங்கற. அந்தம்மா முகத்தை ஒருநாள் பாத்திருக்கியா?"

"நான் உருண்டையைப் பாப்பேன்."

"அதான் சொல்றேன். அது வேணாம். வேற எதை வேணா எடு."

ஓபெட் மோசமானவன் அல்ல. ஆனால் வேண்டாம் என்று சொன்னால் அவனுக்கு அதுதான் வேண்டும். டெல்மாவுக்கு இது கல்யாணமான முதல் வாரத்திலேயே தெரியும்.

"மூணு மணி நேரந்தான். சாயங்காலம் ஆணியில மாட்டிடறேன். இந்த அழுக்குப் பையை யாரு பாக்கப்போறா?"

"உன் இஷ்டம்." அவள் சட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எட்டரை பஸ்ஸுல போ. மெதுவாப் போ. ஓடினா சந்தேகப்படுவாங்க."

மூட்டையை உள்ளே வைத்தான். கையகலமாகத் தொங்கிய பை வாயைத் திறந்து அதை முழுதாக விழுங்கி, மறுபடியும் ஒன்றும் இல்லாததுபோல் அடங்கிக்கொண்டது. வார் தோளில் அழுத்தவே இல்லை. நல்ல பைதான் என்று நினைத்துக்கொண்டு ஓபெட் இறங்கினான்.

சவுக்கு மரத்தடியில் நாலைந்து பெண்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் நெருங்கியதும் பேச்சு நின்றது. ஒருத்தி பாதையை விட்டுப் புல்லில் இறங்கி நின்றாள். இன்னொருத்தி கையிலிருந்த சிகரெட்டைப் பின்னால் மறைத்தாள். அவனைக் கடந்ததும் பின்னால் ஒருத்தி, "ஓபெட்டா?" என்றாள். "நம்ம ஓபெட்டா?"

கேமரா தெரிகிறதோ என்று குனிந்து பார்த்தான். தெரியவில்லை.

பஸ்ஸில் கண்டக்டர் காசுக்குக் கை நீட்டினான். கண் பைமேல் விழுந்தது. கை தானாக மடங்கியது.

"உக்காருங்க மாப்பிள்ளை."

"காசு?"

"உங்ககிட்டயா?" கண்டக்டர் முன் சீட்டில் இருந்தவனைப் பார்த்தான். பார்வை ஒன்றுதான். அவன் எழுந்து பின்னால் போய்விட்டான். டிரைவர் கண்ணாடியில் ஓபெட்டை ஒரு முறை பார்த்துவிட்டுப் பாட்டை நிறுத்தினான். அந்த பஸ்ஸில் பாட்டு நின்றதை யாரும் அதுவரை கேட்டதில்லை. எல்லோருக்கும் காது கூசியது.

ஓபெட் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் மெதுவாகக் கேட்டான். "அக்கா, என்ன நடக்குது?"

"தெரியாத மாதிரி கேக்கறதைப் பாரு." அவள் சிரிக்கவில்லை. கண் பையை விட்டு நகரவில்லை. "தொட்டுப் பாக்கலாமா?"

"எதை?"

"ஹனுவோ கை வேலையை நான் இவ்வளவு கிட்டத்துல பாத்ததில்லை. சந்தையில பின்னும்போது அஞ்சடி தள்ளித்தான் நிக்கணும். மூச்சு படக்கூடாதுன்னு சொல்லும். அந்தம்மா விக்கறதுக்குப் பின்னாது. மருமகனுக்கு மட்டும்தான். மூத்த பொண்ணுக்கு ஒண்ணு, அடுத்தவளுக்கு ஒண்ணு, மூணாவதுக்கு ஒண்ணு. இது நாலாவது. ரெண்டு வருஷம். எத்தனை வரிசை ஆச்சுன்னு ஊர்ல எந்தப் பொண்ணைக் கேட்டாலும் சொல்லுவா. இதை எவன் தோள்ல போடப்போறான்னு ஊரே காத்துக்கிட்டிருந்துச்சு." அவள் பெருமூச்சு விட்டாள். "நீயாம்."

"எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு அக்கா."

"தெரியும். டெல்மா. நல்ல பொண்ணு." கொஞ்ச நேரம் கழித்து, "பாவம்" என்றாள்.

"தூரத்துலருந்து பாத்தா இது வெறும் மண்ணு நிறம்தானே? எப்படிக் கண்டுபிடிக்கறீங்க?"

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். கண் தெரியாதவனைப் பார்க்கிற பார்வை.

சந்தைக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே ஓபெட் இறங்கிவிட்டான். பையை மறைக்க வேண்டும். கேமராவை மறைக்க ஒரு பை எடுத்தோம், இப்போது பையை மறைக்க என்ன எடுப்பது? சந்தை வேலியில் பெண்கள் வரிசையாகப் பைகளை மாட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். கண்ணில் பட்ட முதல் பையை, ஊதாவும் ஆரஞ்சும் கலந்த பெரிய கம்பளிப் பையை வாங்கி, மண் நிறப் பையை அப்படியே அதற்குள் திணித்து, வாரை இழுத்துத் தோளில் போட்டான்.

விற்றவள் காசை வாங்கவில்லை. பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"மூத்த பொண்டாட்டிக்கு வெளிய, இளையவளுக்கு உள்ள."

"ரெண்டையும் ஒரே தோள்ல மாட்டிட்டான். எங்க ஊர்ல பெரிய தலைக்கட்டுகூட ரெண்டு பொண்டாட்டிக்கு ரெண்டு தோள் வச்சிருப்பான்."

"தைரியசாலி" என்றாள் மூன்றாவது ஒருத்தி. அதில் கேலி இல்லை. பயந்த மரியாதை இருந்தது.

"அக்கா, அப்படி இல்ல. இது சும்மா மேல போட்டது."

"டெல்மா மேல எவ்வளவு பிரியம் பாரு" என்றாள் முதலாமவள். "புதுசு வந்தாலும் மேல அவளைத்தான் போட்டிருக்கான்."

செய்தி வேலியோடு ஓடியது. ஓபெட் அதைக் கண்ணால் பார்த்தான். ஒரு தலை திரும்பியது, அடுத்தது திரும்பியது, கடைசித் தலை கீரைக் கடையில் திரும்பியது. அங்கிருந்து சந்தைக்குள் புகுந்தது. ஓபெட் நடையை விரைவாக்கினான். கூட்டமும் விரைந்தது. எதிரில் மளிகைக் கடை தெரிந்தது. உள்ளே நுழைந்துவிட்டால் பின்வாசல் இருக்கும்.

கடை வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தான். பூதம் மாதிரி ஆள். கடைக்குள் போகிற எந்தப் பையும் அவன் கையால் துழாவப்படாமல் போனதில்லை. பாதிரியார் வேதப்புத்தகத்தைக்கூட உதறிப் பார்த்தவன்.

"பையை இங்க வச்சிட்டுப் போ."

"வைக்க முடியாது."

"என்ன இருக்கு உள்ள?"

"துண்டு."

காவலாளி ஊதாப் பைக்குள் கையை விட்டான். உள்ளே இருந்த பின்னலில் விரல் பட்டது. அவன் பார்க்கக்கூட இல்லை. விரல் பட்டதும் சுடுசட்டியைத் தொட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டான். தொப்பியைக் கழற்றினான்.

"என் வீட்டுக்காரி சொல்லிச் சொல்லி எனக்கே தெரிஞ்சுபோச்சு" என்றான். "போங்க மாப்பிள்ளை. தப்பா நினைக்காதீங்க."

பின்வாசல் பூட்டியிருந்தது. ஓபெட் அரிசி மூட்டைகளுக்கும் எண்ணெய் டின்களுக்கும் நடுவில் நின்றான். முன் கண்ணாடியில் முகங்கள் அப்பிக்கொண்டிருந்தன. செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் ஊதாப் பையிலிருந்து மண் நிறப் பையை வெளியே எடுத்து, குழல் விளக்குக்குக் கீழே பிடித்தான். எதற்காக இவ்வளவு பேர் ஓடி வருகிறார்கள் என்று முதல் முறையாக அதைப் பார்த்தான்.

ஒரு மண் நிறம் இல்லை. பதினாறு இருந்தன. எண்ணிக்கொண்டே வந்தவன் அதற்குமேல் விட்டுவிட்டான். மழைக்கு முன்னால் இருக்கிற மண், மழைக்குப் பின்னால் இருக்கிற மண், காப்பித் தோட்டத்து நிழலில் இருக்கிற மண், கிழங்கு பிடுங்கின குழிக்குள் தெரிகிற மண். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எங்கே மாறுகிறது என்று விரலை வைத்துத் தேடினான். கிடைக்கவில்லை. முடிச்சு எங்கேயும் இல்லை. ஒரே நார், ஆரம்பித்த இடம் தெரியாமல், தன் வழியாகவே தான் நுழைந்து நுழைந்து போய்க்கொண்டிருந்தது. கையைச் சாய்த்தால் மலை வரிசை தெரிந்தது. நேராகப் பிடித்தால் மலை இல்லை, வெறும் பை.

பதினொரு வருடமாகப் பார்ப்பதற்கே சம்பளம் வாங்குகிறவன் அவன். காலையில் இதைக் கையில் எடுத்து அழுக்குப் பை என்று சொன்னவனும் அவன்தான். பஸ் கண்டக்டருக்குத் தெரிந்தது. கடைக் காவலாளியின் விரலுக்குத் தெரிந்தது. ஆறு வருடமாக இதற்கு அஞ்சடி பக்கத்தில் உட்கார்ந்து மாவுருண்டை தின்றிருக்கிறான்.

அவன் பையை மறுபடியும் திணிக்கவில்லை. ஊதாப் பையை அரிசி மூட்டைமேல் வைத்துவிட்டு, மண் நிறப் பையைத் தோளில் மாட்டினான். இதை இன்னொரு பைக்குள் வைப்பது அசிங்கம் என்று பட்டது.

வாசலில் மூன்று பேர் வந்து நின்றார்கள். தோட்டத்திலிருந்து நேராக வந்தவர்கள், கையில் வெட்டுக்கத்தி. கால் முட்டிவரை சேறு. நடுவில் இருந்தவன் கதவை அடைத்துக்கொண்டு நின்றான்.

"நான் கவேசோ" என்றான். "ஹனுவோவோட தம்பி. பொண்ணுக்குத் தாய்மாமன்."

ஓபெட் வணக்கம் சொன்னான்.

"அக்காகிட்டப் போய்க் கேட்டோம். 'ஓபெட்டுங்கிறவன் தோள்ல உன் பை இருக்கே, நீயா குடுத்த?'ன்னு. அக்கா சிரிச்சுது. கடைக் காலைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது. பேச்சே வரல. எங்கக்கா அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல." கவேசோவின் கண் கலங்கியிருந்தது. "அவ்வளவு சந்தோஷம்."

"அண்ணே, நான் ஒண்ணு சொல்லணும். இந்தப் பை..."

"சொல்லு."

கூட்டம் வாசலை நெருக்கியது. ஓபெட் வாயைத் திறந்தான். கவேசோவின் தோளுக்கு மேலே ஒரு சிவப்புத் தொப்பி தெரிந்தது. அதற்குக் கீழே பாதி கிழிந்த காது. அந்த ஆள் கழுத்தை நீட்டி, மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தான்.

உண்மை ஒரே வரிதான். நான் உங்கள் மருமகன் இல்லை, இதற்குள் கேமரா இருக்கிறது, அதை மறைக்கத்தான் எடுத்து வந்தேன். அதைச் சொன்னால் மானம் பிழைக்கும். கேமரா பிழைக்காது. சொல்லாவிட்டால் கேமரா பிழைக்கும். வேறு எதுவும் பிழைக்காது.

"டெல்மாவுக்கு என்ன பதில் சொல்லப்போற?" என்று கூட்டத்திலிருந்து ஒரு பெண் கேட்டாள். "அவளைத் தேடி மூணு பேர் போயிருக்காங்க. கடையிலயும் இல்ல. வீட்டுலயும் இல்ல."

"ஆத்துப் பக்கம் பாத்தீங்களா?" என்றது ஒரு குரல்.

"அவ ஏன் ஆத்துல விழறா? அவ அண்ணன்களைக் கூப்பிடப் போயிருப்பா" என்றது இன்னொரு குரல். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. சிலர் ஓபெட்டை ஒருமுறை அளந்து பார்த்துக்கொண்டார்கள்.

ஓபெட் கடிகாரத்தைப் பார்த்தான். பத்தேமுக்கால்.

"சொல்ல வந்ததைச் சொல்லு மாப்பிள்ளை" என்றான் கவேசோ. "நீதானே அந்த நாலாவது ஆள்?"

சிவப்புத் தொப்பி இன்னும் ஒரு அடி முன்னால் வந்தான்.

"ஆமா" என்றான் ஓபெட்.

யாரும் கத்தவில்லை. பெண்கள் நாக்கைத் தட்டி ஒரு சத்தம் எழுப்பினார்கள். நல்ல மழை வரும்போது எழுப்புகிற சத்தம். கவேசோ வெட்டுக்கத்தியைக் கீழே போட்டுவிட்டு அவனைக் கட்டிக்கொண்டான். சேறு ஓபெட்டின் சட்டையில் அப்பியது.

"வா. பன்றியைப் பாக்கலாம். ஏழு இருக்கு. நீயே தேர்ந்தெடு."

"பன்றி அப்புறம். நான் ஆபீஸ் போகணும். பதினொன்றரைக்குள்ள."

"நாங்க கொண்டு விடறோம். நம்ம வீட்டு மாப்பிள்ளை தனியாப் போவானா?"

அப்படித்தான் ஓபெட் ஆபீஸுக்குப் போனான். முன்னால் கவேசோவோடு வந்த இரண்டு பேர், பக்கத்தில் கவேசோ. பின்னால் நூறு பேர் இருக்கலாம், இருநூறும் இருக்கலாம். கடைகளை மூடிவிட்டு வந்தவர்கள், மூடாமல் வந்தவர்கள், பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்திவிட்டு வந்த டிரைவர். சிவப்புத் தொப்பி எல்லோருக்கும் முன்னால் ஓடி, "வழி விடுங்க, மாப்பிள்ளை வர்றாரு" என்று கையை வீசிக் கூட்டத்தை விலக்கினான். ஒருமுறை திரும்பி வந்து, "வார் தோள்ல உறுத்துதா? நான் வேணா தூக்கிக்கட்டுமா?" என்று கேட்டான்.

"வேண்டாம் தம்பி."

"சரிங்க. உங்க பை. நான் எப்படித் தொடறது?" அவன் உண்மையாகவே வெட்கப்பட்டான்.

ஓபெட் நடந்தான். பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுந்தது. இந்த ஊரில் இத்தனை வருடம் படம் எடுத்திருக்கிறான். கவர்னர் வந்தபோது எடுத்தான், பிஷப் வந்தபோது எடுத்தான். யாருக்கும் கூட்டம் இப்படி அமைதியாக வழி விட்டதில்லை. அவன் தோளில் நாரால் ஆன ஒரு சிறு பை தொங்கியது. ஒரு பெண்பிள்ளை தொடையில் நாரை உருட்டி உருட்டி இரண்டு வருடம் செய்தது. அந்தப் பைக்கு முன்னால் திருடன் வெட்கப்படுகிறான், வெட்டுக்கத்திக்காரன் அழுகிறான். இதற்குள் இருக்கும் கேமராவை எடுத்து இதை ஒரு படம் எடுக்க வேண்டும் என்று தோன்றியது. எடுத்தாலும் அதில் வெறும் மண் நிறம்தான் விழும் என்றும் தோன்றியது.

ஆபீஸ் கேட்டில் மணி பதினொன்று இருபது. வண்டி உறுமிக்கொண்டிருந்தது. தபிதா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள், சேற்றுச் சட்டையைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். பையைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"நீயா?" என்றாள். பிறகு, "ஏறு" என்றாள்.

"ஒரு நிமிஷம். பிரிச்சு எடுத்துட்டு வந்துடறேன்."

கவேசோவும் கூட்டமும் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார்கள். ஓபெட் காவல் அறைக்குள் போய், கதவைச் சாத்தினான். மூட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தான். வேலை பிழைத்துவிட்டது. மற்றதைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். டெல்மாவின் அண்ணன்கள் நாலு பேர், நாலு பேரும் மரம் அறுக்கிறவர்கள். அதையும் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்.

வாட்ச்மேன் கிமேயின் கத்தியை வாங்கி முடிச்சுகளை அறுத்தான். துண்டை ஒரு சுற்று பிரித்தான். இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்று. நாலாவதில் இரண்டு மீன் டப்பாக்களும் ஒரு உப்புப் பொட்டலமும் இருந்தன.

ஓபெட் துண்டை உதறினான். பைக்குள் கையை விட்டு அடிவரை துழாவினான். டப்பாக்களை எடுத்து, இரண்டுக்கும் நடுவில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தான். பிறகு கிமேயின் நாற்காலியில் உட்கார்ந்தான். வெளியே தபிதா ஹாரன் அடித்தாள்.

"என்ன அண்ணே தேடறீங்க?" என்றான் கிமே.

"கேமரா" என்றான் ஓபெட். சத்தம் அவனுக்கே கேட்கவில்லை.

"அதுவா? அது பத்து மணிக்கே வந்து வண்டியில ஏறிடுச்சே. டெல்மாக்கா வெறுமனே கழுத்துல மாட்டிக்கிட்டு சந்தை நடுவுல நடந்து வந்துச்சாம். அங்க ஒரு ஈ காக்கா இல்லையாம், ஊரே உங்களைப் பாக்கப் போயிடுச்சாம்."